இரண்டு டயரில் ஆறு பச்சைமுத்து

தொண்டூர்,
18-6-2025

அன்பு நண்பன் பச்சைமுத்துவுக்கு,

தங்கராஜ் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டேன். மேலே மை அப்பியிருப்பது அதுதான். நலத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, ஆனால் உனக்கு எழுதும் கடிதத்தில் அதை முதல் வரியாகப் போடக் கை கூசியது. உன் கால் புண் ஆறிவிட்டதா, சாப்பாடு இறங்குகிறதா, உன் வீட்டுக்காரி தைலம்மாளுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

போன் அடித்து அடித்து அலுத்துவிட்டது. உன் நம்பருக்கு அடித்தால் மணி போகிறது, எடுப்பாரில்லை. உன் மகன் வளவன் நம்பருக்கு அடித்தால் மணியே போவதில்லை. கடைசியில் உன் தங்கச்சி அன்புக்கரசியிடம் கெஞ்சி, வளவன் குடியிருக்கும் ஒரகடம் விலாசத்தை வாங்கினேன். "எழுதறதுன்னா எழுதுங்க, நான் குடுத்தேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். இதோ எழுதிவிட்டேன். என் வாய் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியாததா! அவளைத் திட்டாதே.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு பக்கம் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. செஞ்சி தபால் ஆபீசில் கவர் கேட்டபோது அந்தப் பெண் கோர்ட்டு விஷயமா என்று கேட்டது. இல்லையம்மா, சிநேகிதனுக்கு என்றேன். இந்தக் காலத்தில் சிநேகிதனுக்குக் கடிதமா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தது.

உன் வீட்டுப் பூட்டு பத்திரமாக இருக்கிறது. வாசல் முருங்கையில் கம்பளிப்பூச்சி பிடித்தது, நான் போய்ப் பந்தம் கட்டிக் கொளுத்திவிட்டு வந்தேன். காலனிப் பக்கம் நான் தனியாக நடந்து வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை. உன் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மரத்தப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

அன்றைக்கு நடந்ததை என் வாயால் உன்னிடம் ஒரு முறை சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் கிடந்தாய். மயக்கம் தெளிந்தபோது என்னை உள்ளே விடவில்லை.

சித்திரையில் பெய்த அந்த ஒரே மழைக்குப் பிறகு பனைமரத்துக் கொல்லையில் கோடை உழவு ஓட்டினோம். மேலே ஈரம், கீழே காரை போட்ட தரைபோல இறுகல். நம்முடையது சின்ன டிராக்டர், எடை போதாது. சக்கரம் வழுக்குகிறது, கலப்பையின் கொழு மண்ணில் இறங்காமல் மேலாகக் கீறிக்கொண்டு போகிறது. வழக்கம்போல நீ பின்னால் கலப்பைச் சட்டத்தின்மேல் ஏறி உட்கார்ந்தாய். உன் பாரம் விழுந்ததும் கொழு இறங்கியது. எட்டு வருஷமாக அப்படித்தானே ஓட்டினோம். நாலாவது சுற்றில், மேற்கு வரப்போரம், வெட்டிப்போட்ட பனையின் வேரில் கொழு மாட்டிக் கலப்பை எகிறியது. நீ சறுக்கினாய். வலது கால் இரண்டு கொழுவுக்கு நடுவே போய்விட்டது. நீ கத்தினாய். வண்டி நிற்பதற்குள் உன்னைப் பன்னிரண்டு அடி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வளவன் என்னைக் கேட்டான். "வரப்புல நின்னவங்களுக்கு எங்க நைனா கத்துனது கேட்டுது. முன்னாடி உக்காந்துனு இருந்த ஒங்களுக்கு கேக்கலியா?" இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன். உனக்கும் அதையேதான் எழுதுகிறேன். சைலன்சர் ஓட்டையாகி ஒரு மாதமாக அலறிக்கொண்டிருந்தது உனக்கே தெரியும். போதாக்குறைக்கு எதிர்க்காற்று வேறு. என் மச்சான் விநாயகம் வரப்பிலிருந்து இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தேன். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நீ விநாயகத்தையே கேட்டுக்கொள்ளலாம்.

கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வளவன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆண்டாள் உன்னையும் தைலம்மாளையும் கேட்டதாக எழுதச் சொன்னாள். கட்டின முப்பது வருஷத்தில் என் பெண்டாட்டி என்னோடு இவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை போனை எடு. மலையனூர்த் தாய் உன் பக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சு. தங்கராஜ்


தொண்டூர்,
27-7-2025

பிரியமுள்ள பச்சைமுத்துவுக்கு,

முதல் கடிதம் திரும்பி வரவில்லை. அதனால் உன் கைக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஆடி பிறந்து நல்ல மழை. எல்லோரும் கடலை உடைத்து மல்லாட்டை விதைக்கிறார்கள். நம் கோட்டையை உலகப் பட்டியல் ஒன்றில் சேர்த்துவிட்டார்களாம், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாரோ லட்டு கொடுத்தார்கள். ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு அண்ணாந்து ராஜகிரி மலையைப் பார்த்தேன். நீயும் நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மேலே ஏறி, இறங்கப் பயந்து உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? நீதான் முதலில் இறங்கினாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஊருக்கு வந்து நான்தான் உன்னை இறக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டிராக்டரின் பின் டயர் இரண்டுக்கும் தண்ணீர் ஏற்றிவிட்டேன். நானே ஏற்றினேன்.

வண்டி எடுத்த வருஷம் செஞ்சியில் மெக்கானிக் விமல்ராஜ் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "வண்டி லைட்டா இருக்குதுண்ணா. பின் டயர்ல முக்காவாசி தண்ணி ரொப்பிடலாம். வெயிட்டு நிக்கும், வழுக்காம இழுக்கும். கலப்பை மேல்கம்பிய ரெண்டு சுத்து முடுக்கிட்டா கொழு தானா எறங்கும்" என்றான். அரை நாள் வேலை. கிணற்றுத் தண்ணீர்தான் செலவு. நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் எதுக்குப்பா, எங்கிட்ட ஆள் இருக்கான்" என்றேன். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். விமல்ராஜும் சிரித்தான். உன்னைப் பெருமையாகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை குறுக்கே வந்து நிற்கிறது.

எடை வேண்டுமென்றால் கல்லைக் கட்டியிருக்கலாமே என்று வளவன் ஆஸ்பத்திரியில் கேட்டான். அதற்கும் நான் ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். கல் கட்டினால் வளைவில் உருண்டு விழும். நீ என்றால் வளைவில் நீயே இறங்கி ஏறிக்கொள்வாய், கொழுவில் சிக்கிய கோரையைக் காலால் தள்ளிவிடுவாய், பேச்சுக்கும் துணை ஆச்சு. கல் விழுந்தால் கல்தானே விழும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு வாங்க, அரை மணியில் ஏற்றித் தருகிறேன் என்றான் விமல்ராஜ். மாட்டேன், நானே செய்கிறேன், எப்படி என்று மட்டும் சொல் என்றேன். சொன்னான். பாதி காதில் வாங்கினேன், பாதி வாங்கவில்லை. நான் வேலை கற்றுக்கொள்ளும் அழகு உனக்குத் தெரிந்ததுதான்.

வீட்டோரம் சிமெண்டுக் களத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்து வலது சக்கரத்தை நாலு விரல் தூக்கினேன். மாடியில் நீல டிரம்மை வைத்து, அதிலிருந்து ஓஸை இறக்கினேன். வால்வுக்குள் இருக்கும் ஊசியைத் திருகி எடுத்ததும் காற்றெல்லாம் சீறிக்கொண்டு வெளியே போனது. ஓஸை வால்வில் செருகினேன். கொஞ்ச நேரம் தண்ணீர் இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று ஓஸை உருவினேன். உள்ளே போன தண்ணீர் முழுக்க என் முகத்தில் பீய்ச்சியது. கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்று மாதத்தில் ஆண்டாள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

விமல்ராஜுக்குப் போன் போட்டால் அவனும் சிரிக்கிறான். வால்வு அடியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தியிருக்கிறேன். அது உச்சியில் இருக்க வேண்டுமாம். அப்போதுதான் தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்ததும் தானாக வழியும், முக்கால் டயர் தண்ணீர், மேலே கால் டயர் காற்றுக்கு இடம். அந்த இடத்தையும் விடாமல் நிரப்பினால் டயர் குலுக்கலைத் தாங்காதாம். சக்கரத்தைக் கையால் சுற்றி வால்வை உச்சிக்குக் கொண்டுவந்தேன். ஒரு குடம் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் ஓஸை எடுத்து உள்ளே அடைபட்ட காற்றை விட வேண்டும். எடுத்தால் டயர் தும்முகிறது, தும்மி முடித்ததும் மறுபடி செருக வேண்டும். ஒரு கையால் ஓஸ், ஒரு கையால் வால்வு, ஓடிப்போய் மாடிக் குழாயை மூட மூன்றாவது கை வேண்டும். பிடிடா என்று நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் களத்தில் கோழிதான் நிற்கிறது.

டிரம்முக்குத் தண்ணீரை நான் மோட்டார் போட்டு ஏற்றவில்லை, குடத்தில் சுமந்தேன். ஆண்டாள் படியில் நின்று, "மோட்டார் இருக்குது, ஓஸு இருக்குது, இன்னாத்துக்கு இந்த வயசுல குடம் தூக்கினு மாடி ஏறுற?" என்று கத்தினாள். எனக்கு எடை தெரிய வேண்டியிருந்தது, அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு டயருக்குப் பதின்மூன்று குடம். குடத்துக்குப் பதினைந்து கிலோ. போன வருஷம் மல்லாட்டையை விற்கப் போனபோது மார்க்கெட் கமிட்டி எடைமேடையில் நீ ஏறி நின்றாயே, அறுபத்து நாலு என்று காட்டியதே. கணக்குப் பார்த்தேன். ஒரு டயருக்குள் மூன்று பச்சைமுத்து. இரண்டு டயருக்கு ஆறு பச்சைமுத்து. ஆறு பேருக்குச் சமமான எடை கிணற்றில் சும்மா கிடக்க, ஒருத்தனை எட்டு வருஷம் கொழுவின்மேல் உட்கார வைத்திருந்தேன்.

ஊசியைத் திருகி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, பன்னிரண்டு பாயிண்டுக்கு வந்ததும் ஜாக்கியை இறக்கினேன். இடது சக்கரத்துக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. முழங்கால் இரண்டும் போச்சு.

மறுநாள் பனைமரத்துக் கொல்லைக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். மேல்கம்பியை முடுக்கிக் கலப்பையை இறக்கினேன். வழுக்கவே இல்லை. ஒரு சாண் ஆழம் இறங்கி, மண் கட்டி கட்டியாகப் புரண்டு வந்தது. இவ்வளவு நல்ல உழவை அந்தக் கொல்லை பார்த்ததே இல்லை. சந்தோஷப்படத் தெரியாமல் நான்கு சுற்று ஓட்டினேன். பனைவேர் இருந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். அந்த வேரை ஒரே மணி நேரத்தில் பெயர்த்துவிட்டேன். அதைப் பெயர்த்துவிடலாம் என்று நீ இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

மறுபடி ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். ஆண்டாள் கூழ்த்தூக்கோடு வந்து பின்னால், கலப்பைக்கு அந்தப் பக்கம் நின்று, "இந்தாங்க" என்று கூப்பிட்டாள். கத்தவில்லை, அடுப்படியில் கூப்பிடும் குரலில்தான் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். சைலன்சரை நான் இன்னும் மாற்றவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதற்குமேல் எழுத வரவில்லை. செயற்கைக் காலுக்கு அளவு எடுத்தாயிற்றா? புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். உன் காலுக்காக வேண்டிக்கொண்டு ஆண்டாள் ஆடி வெள்ளி ஒவ்வொன்றுக்கும் விரதம் இருக்கிறாள்.

உன்
தங்கராஜ்


தொண்டூர்,
5-10-2025

பச்சைமுத்துவுக்கு,

இந்தக் கடிதத்தை நீயே படி. பிறகு வளவனிடமும் கொடு. அவன் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

உன் உதவித்தொகை மனுவுக்காகத் தாலுகா ஆபீஸ் வந்த தைலம்மாள் முந்தாநாள் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தாள். ஆண்டாள் நாற்காலி போட்டாள், உட்காரவில்லை. காபி கொடுத்தாள், குடிக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு லெட்டரும் வந்துது. தலகாணிக்கு அடியில வெச்சினு இருக்குறாரு. நாலு தரம் படிச்சாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுனு வரச் சொன்னாரு. நான் கூப்ட்டது அவன் காதுல வுழுந்துதா இல்லியா, அத்த மட்டும் நெசமா சொல்லச் சொல்லு. வுழலன்னா நான்தான் அவன வீணா சந்தேகப்பட்டுட்டேன், நானே போன் போட்டு மன்னிப்பு கேட்டுக்கறேன்னாரு."

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்பதா? வராந்தாவில் உன் பிள்ளையிடம் சொன்னதுபோல் தைலம்மாளிடமும் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆண்டாள் தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். தைலம்மாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். இரண்டு நாளாக நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

பச்சைமுத்து, கேட்டது.

முழுசாகக் கேட்டது. "டேய் தங்கராசு, நிறுத்துடா" என்று நீ கத்தினாய். இஞ்சின் சத்தம் பொய். எதிர்க்காற்று பொய். அன்றைக்குக் காற்றே இல்லை.

செஞ்சி பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோது நீ என்னை அப்படித்தான் கூப்பிடுவாய். படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கொல்லை வேலைக்கு வந்த புதிதில், களத்தில் என் பெரியப்பா எதிரில் ஒரு தடவை டேய் என்றாய். அவர் உன்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் நீ வந்து, "வாங்க, போலாங்களா" என்றாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது, ஆனால் ஏன்டா இப்படிக் கூப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரம் போனதும் பழகிவிட்டது. ஒரு மாதம் போனதும் நன்றாகவே இருந்தது. தனியாக இருக்கும்போதாவது பழையபடி கூப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ முப்பது வருஷத்துக்கு மேல் என்னை வாங்க போங்க என்றாய், நான் உன்னை வாடா போடா என்றேன், இதற்கு இரண்டு பேரும் சிநேகிதம் என்று பெயர் வைத்திருந்தோம். உன் மனசில் அதற்கு வேறு பெயர் இருந்ததோ என்னவோ. நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு வரப்பில் விநாயகமும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் நிலத்துக்கு உழவு நாள் கேட்க வந்து நின்றிருந்தார்கள். உன் குரல் முதுகில் வந்து விழுந்தது. உனக்கு என்ன ஆச்சு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாலு பேர் எதிரில் இவன் என்னை டா போட்டுவிட்டானே என்றுதான் தோன்றியது. காது சூடாகிவிட்டது. திரும்பவில்லை. கேட்காதவன்போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். இவர்கள் போகட்டும், பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைத்து முடிக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். விநாயகம் வரப்பிலிருந்து குதித்து ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

பனைவேரைத் தோண்டிய அன்றைக்கு அந்த இடத்தை அடி வைத்து அளந்தேன். வேர் இருந்த குழியிலிருந்து மூன்றடி வரை யார் ஓட்டியிருந்தாலும் வண்டி போயிருக்கும். அதுவரை பனைவேரின் வேலை. அதற்குப் பின்னால் ஒன்பது அடி இருக்கிறது, அது என் வேலை. விழுந்த உடனே நின்றிருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்கலாம், இழுத்ததில்தான் எலும்பு நொறுங்கிவிட்டது என்று டாக்டர் வராந்தாவில் வந்து சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

ஆண்டாளிடம் நேற்றுச் சொன்னேன். "எனக்குக் கூழு கொண்டாந்த அன்னிக்கே தெரியும்" என்றாள். அதிலிருந்து இரண்டு வேளையாக எனக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறாள். இன்று காலை விநாயகத்திடமும் சொன்னேன். அவன் பதறிப்போய், "வுடு மாப்ள, இன்ஜின் சத்தம்னே இருந்துட்டுப் போவட்டும். வெளிய தெரிஞ்சா அசிங்கம்" என்றான். யாருக்கு அசிங்கம் என்று கேட்டேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இனி யார் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்லப்போகிறேன். வளவன் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தையே கொடுக்கட்டும். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

டயருக்குத் தண்ணீர் ஏற்றினால் என் பாவத்தில் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். அதைப் பக்கம் பக்கமாக உனக்கு எழுதியும் அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது. நீ கேட்டது ஒரு வரி பதில், நான் வால்வு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருந்தால் நீ வரப்பில் நின்றிருப்பாய். நீ என்னைக் கூப்பிட வேண்டியே வந்திருக்காது, நான் எப்படிப்பட்டவன் என்று உனக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். அது நீயாகச் சொல்ல வேண்டியது, நான் கேட்டு வாங்குவதல்ல.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செயற்கைக் கால் வந்து, நடை பழகி, உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது ஒரு நாள் ஊருக்கு வா. வேலைக்கு வர வேண்டாம், எங்கள் வீட்டுக்கும் வர வேண்டாம். காலை எட்டு மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் ஊரே நிற்கும். விநாயகம் இருப்பான், அன்றைக்கு வரப்பில் நின்ற அந்த இரண்டு பேரும் இருப்பார்கள். நானும் கேனோடு வரிசையில் நிற்பேன். தெருமுனையில் நின்றுகொண்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி, "டேய் தங்கராசு" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடு.

பேச வேண்டாம், பக்கத்தில்கூட வர வேண்டாம், கூப்பிட்டுவிட்டு நீ அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாலும் சரி. நான் உடனே திரும்பிப் பார்க்கிறேன்.

தங்கராசு